ஒரு வயிற்று எலிகளின் கணக்கு

அன்றைக்கு எலி அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருவரும் "எனக்கு ஒன்றும் தெரியாது, நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லக் கூடாது. டாக்டர் இருந்தார். ஹெட் கிளார்க் இருந்தார். ஸ்டோர் கீப்பர் இருந்தார். கதவை ஒட்டி நான் நின்றேன். கூண்டுக்கு ஒன்றாக இருபத்து நாலு எலிகள் இருந்தன. வேறு யாரும் இல்லை. கைப்பிடி வைத்த கணக்கு மெஷினைச் சுற்றுகிறவர் வேறொரு ஆபீசிலிருந்து புதனும் சனியும் மட்டும்தான் வருவார், அன்று செவ்வாய்.

"பால் பவுடர் எங்கே போச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அந்த டாக்டர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சீமையில் படித்துவிட்டு வந்து, எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு சத்து என்று எலிகளுக்குப் போட்டுப் பார்க்கிறவர். சண்டைக் காலம். பெங்களூரில் அரிசிக்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஏழைகள் தின்கிற ராகிக் களியோடு ஒரு கரண்டி பால் பவுடர் சேர்த்தால் பிள்ளைகள் தேறுமா என்று சர்க்காரில் யாருக்கோ தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் எலிகள். எலிகளுக்கு நான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுத்துவிட்டாள், நின்றுவிட்டேன், அவ்வளவுதான். ஜீவனஹள்ளியில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா புருஷன் பட்டாளத்தில் போய் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் எட்டு மாசம் ஆகியிருந்தது. கைக்குழந்தை ஒன்று. என் சம்பளம் மாசம் இருபத்திரண்டு ரூபாய். அதுதான் மூன்று பேருக்கும் அடுப்பு.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு குணம். பயம். அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். கோயிலில் பூசைக்கு நடுவில் கதவுப் பூட்டு ஞாபகம் வந்து எழுந்து ஓடியிருக்கிறேன். "உன்னைக் கட்டிக்கிறவன் பூட்டோடதான் குடும்பம் நடத்தணும்" என்று அக்கா சொல்வாள். எலி அறை வேலைக்கு இந்தக் குணம் தோதாக இருந்தது. கூண்டுக் கொக்கியை மூன்று தரம் தொட்டுப் பார்க்கிறவளை யார் வேண்டாம் என்பார்கள்?

எலிப் பரீட்சை ஆரம்பித்தபோது டாக்டர் ஒன்று சொன்னார். அவர் வாயாலேயே சொன்னார், அதை மறக்கக் கூடாது. "ஒவ்வொரு தாய் எலியோட குட்டிகள்லயும் ரெண்டு ஆண் குட்டியா எடு. ஏறக்குறைய ஒரே எடையா இருக்கணும். ஒண்ணுக்குக் களி மட்டும். இன்னொண்ணுக்குக் களியும் பால் பவுடரும்." பன்னிரண்டு தாய்கள், பன்னிரண்டு ஜோடி. எதற்கு அண்ணன் தம்பியாக எடுக்கச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. சில தாயின் குட்டிகள் பிறக்கும்போதே பெரிசு, சிலது என்ன தின்றாலும் சிறிசு. மனுஷ வீடுகளில் இல்லையா? எங்கள் தெருவில் தச்சர் வீட்டுப் பையன்கள் எல்லாரும் கதவு உயரம். அடுத்த வீட்டில் ஐந்து பேரும் குள்ளம். தச்சர் பையனையும் அடுத்த வீட்டுப் பையனையும் பக்கத்தில் நிறுத்தி, எவன் வீட்டுச் சாப்பாடு நல்லது என்று எந்தத் தாயாவது சொல்வாளா?

அதனால் நான் கூண்டுகளை அப்படியே வைத்தேன். அண்ணன் பக்கத்தில் தம்பி. களி தின்கிறவன் கூண்டில் வெள்ளைச் சீட்டு, பால் தின்கிறவன் கூண்டில் சிவப்புச் சீட்டு. சனிக்கிழமை சனிக்கிழமை எடை போட்டேன், ஒவ்வொன்றையும் இரண்டு தரம். எடை நோட்டில் ஒரு தாய்க்கு ஒரு வரி. அந்த வரியில் இரண்டு பேரும். இப்படி எட்டு வாரம்.

பால் பவுடர் ஸ்டோரில் பூட்டி இருக்கும். திங்கட்கிழமை காலையில் ஸ்டோர் கீப்பர் தன் கையாலேயே அளந்து கொடுப்பார். அந்தக் காலத்தில் ஒரு டப்பா பால் பவுடர் என்றால் சின்ன விஷயமா? எனக்கு அதைத் தொடவே நடுக்கம். கலக்கி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று முந்தானையை நாலு தரம் உதறுவேன். மாவு ஒட்டிக்கொண்டு, யாராவது பார்த்து, திருடி என்று சொல்லிவிட்டால்?

சொன்னார்கள். அந்த உதறலை வைத்தே சொன்னார்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் எடை நோட்டு ஹெட் கிளார்க்கிடம் போனது. டைப் அடிக்க வேண்டுமே. இந்த மனிதர் இங்கே வருவதற்கு முன்னால் பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் இருந்தவர். மார்க் லிஸ்ட் என்றால் முதல் ரேங்க் மேலே, கடைசி ரேங்க் கீழே. வேறு மாதிரி ஒரு பட்டியலை அவர் கண் ஒத்துக்கொள்ளாது. என் நோட்டில் எண்கள் ஏறியும் இறங்கியும் கிடந்ததைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார். களி எலிகள் பன்னிரண்டையும் எடைப்படி பெரிசிலிருந்து சின்னது வரை ஒரு வரிசை. பால் எலிகள் பன்னிரண்டையும் அதே மாதிரி இன்னொரு வரிசை. எந்தத் தாய் என்பது பட்டியலிலேயே இல்லை. பார்க்க அழகாக இருந்தது. டாக்டர் "வெரி நீட்" என்றாராம். அதை ஹெட் கிளார்க் என்னிடமே வந்து சொன்னார்.

டாக்டர் அந்த அழகான தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அவரிடம் ஒரு புத்தகம் உண்டு. இரண்டு கூட்டத்துக்கு நடுவே உள்ள வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று பார்க்க அதில் பலவிதமான டெஸ்ட் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் எண்கள். கணக்கில் வருகிற எண் அந்தப் பக்கத்து எண்ணைத் தாண்டினால் நிஜம். தாண்டாவிட்டால் தற்செயல். பால் எலிகள் சராசரி எட்டு கிராம் கூட இருந்தன. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் எழுபது கிராம் எலியும் இருந்தது, நூற்றிருபது கிராம் எலியும் இருந்தது. இவ்வளவு ஏற்றத் தாழ்வு உள்ள இடத்தில் எட்டு கிராம் ஒன்றுமே இல்லை என்று புத்தகம் சொல்லிவிட்டது. தற்செயல்.

பால் பவுடர் கட்டாயம் பலன் கொடுக்கும் என்று டாக்டர் மேலிடத்துக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட்டார். பலன் இல்லை. அப்படியென்றால்? தன் கணக்கைச் சந்தேகப்படலாம். தன் புத்தகத்தில் சரியான பக்கத்தைத்தான் திறந்தோமா என்று பார்க்கலாம். அவர் இருபத்திரண்டு ரூபாய்க்காரியைப் பார்த்தார்.

"எலிக்குப் பால் போயிருந்தா எலி வளர்ந்திருக்கும். வளரலை. ஆறு டப்பா காலி. எங்கே போச்சு?"

"தினம் கலந்தேன் சார்."

"உங்க வீட்டில குழந்தை இருக்கா?"

"அக்கா குழந்தை இருக்கு சார்."

"அதுக்கு என்ன கொடுக்கறீங்க?"

"ராகிக் கஞ்சி சார்."

ஹெட் கிளார்க் தொண்டையைச் செருமினார். "சார், சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். இந்தம்மா தினம் சாயங்காலம் போறப்போ வாசல்ல நின்னு முந்தானையை உதறும். நானே பார்த்திருக்கேன். நல்லா நாலு உதறு."

"ஏம்மா உதறினே?" என்றார் டாக்டர்.

நான் என்ன சொல்ல? 'திருடி என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்து உதறினேன்' என்றா? அதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஹெட் கிளார்க் சிரித்தார். "மடியில கனமில்லேன்னா வழியில என்னம்மா பயம்?"

ஸ்டோர் கீப்பர் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் அளந்து கொடுத்தவர்; போகிற வழியில் எலி அறையில் எட்டிப் பார்த்து நான் கலக்குவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டப்பாவுக்குக் கணக்கு அவர் தலையிலும் விழும் அல்லவா? விழாமல் பார்த்துக்கொண்டார்.

இதையெல்லாம்விட என்னை இன்றைக்கும் எரிக்கிறது இன்னொன்று. அந்த நிமிஷத்தில் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். ஒருவேளை சில நாள் கலக்க மறந்திருப்பேனோ? ஒருவேளை சிவப்புச் சீட்டுக்கும் வெள்ளைச் சீட்டுக்கும் மாற்றி வைத்திருப்பேனோ? மூன்று தரம் பார்க்கிற என் மாதிரி ஆளுக்கு எதுவும் நிச்சயம் கிடையாது. அதனால்தான் மூன்று தரம் பார்க்கிறோம். பேனாவை நீட்டினார்கள். ஆறு டப்பா விலை பதினாறு ரூபாய் எட்டணா. போலீசுக்குப் போகாமல் சம்பளத்தில் மூன்று மாசம் ஐந்தரை ஐந்தரை ரூபாயாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று இங்கிலீஷில் எழுதிய தாள். கையெழுத்துப் போட்டேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. எலிகள் வேறு யாரையும் கடித்துவிடுமாம்.

ஐந்தரை ரூபாய் பிடித்தால் ஒரு மாசம் எப்படி இருக்கும் என்று சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவள் காலில் வெள்ளிக் கொலுசை மட்டும் காணோம். "நீ எடுத்திருந்தாலும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன்டி" என்றாள் ஒரு நாள், குழந்தையைத் தட்டிக்கொண்டே. எனக்கு வந்த கோபத்தில் சட்டியைத் தூக்கி எறிந்தேன். என் சொந்த அக்கா, அவளும் 'இருந்தாலும்' என்கிறாள்!

இரண்டாம் மாசமும் பிடித்த பிறகு ஒரு புதன்கிழமை, கணக்கு மெஷின்காரர் எலி அறைக்கு வந்தார். கன்னடக்காரர், பசவனகுடிப் பக்கம் வீடு. எங்கள் தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். மூக்கில் பொடி. கையில் அந்த அழகான தாள். ரிப்போர்ட்டுக்காக எல்லாக் கணக்கையும் மறுபடி மெஷினில் சுற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"நோடம்மா, இந்தத் தாளைப் பாரு. மேலேருந்து கீழே இறங்கிட்டே போகுது. அந்தப் பக்கமும் அப்படியே. உன் எலிங்க என்ன, ரேஷன் க்யூ மாதிரி உயரம் பார்த்து நின்னு எடை போட்டுக்கிச்சா?"

"அது ஹெட் கிளார்க் சார் அடுக்கினது சார். நோட்டுல அப்படி இல்லே."

"நோட்டு எல்லி?"

அலமாரியில்தான் இருந்தது. டைப் ஆனதும் திரும்பி வந்து அங்கேயே கிடந்தது. இத்தனை நாளில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைப் பார்த்தார்.

"ஒரே வரியில ரெண்டு எண் இருக்கே, ஏனு இது?"

"ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க சார். டாக்டர் சார்தான் அப்படி எடுக்கச் சொன்னாரு. முதல்ல இருக்கிறவன் களி, அடுத்தவன் பால்."

அவர் பொடி போட்ட விரலைத் துடைக்காமலே நோட்டின் ஓரத்தில் பென்சிலால் கழிக்க ஆரம்பித்தார். ஒரு வரியில் எழுபத்தொன்று, எண்பது. ஒன்பது என்று எழுதினார். இன்னொரு வரியில் நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்தாறு. எட்டு. இப்படியே கீழே வரைக்கும். பன்னிரண்டில் பதினோரு வரியில் பால் குடித்தவன்தான் பெரியவன். ஒரே ஒரு வரியில் களி தின்றவன் இரண்டு கிராம் கூட.

"அய்யோ ராமா," என்றார். "காசைச் சுண்டிப் போட்டுப் பாரம்மா. பன்னெண்டு தரம் போட்டா பதினோரு தரம் தலை விழுமா? இதைப் போய்த் தற்செயல்னு சொல்லியிருக்காரே!"

"புத்தகத்துல அப்படி வந்துச்சுன்னாங்க சார்."

"புத்தகம் சரிதாம்மா. டாக்டர் கேட்ட கேள்விதான் தப்பு. அந்த டெஸ்ட் ஒருத்தருக்கொருத்தர் உறவில்லாத ரெண்டு கும்பலுக்கு. உங்க பக்கத்துச் சந்தையில பன்னெண்டு பேர், சிட்டி மார்க்கெட்டுல பன்னெண்டு பேர்னு வெச்சுக்க. குள்ளன், நெட்டையன் எல்லாம் கலந்து இரைச்சல் போடறப்போ எட்டு கிராம் குரல் எங்கே கேட்கும்? இது அண்ணன் தம்பி. இங்கே ஒவ்வொரு வீட்டிலயும் வித்தியாசத்தைக் கழிச்சு, அந்தப் பன்னெண்டு வித்தியாசத்துக்குத்தான் டெஸ்ட் போடணும்."

எனக்கு அழுகை வரவில்லை. இதைத்தானே நான் கூண்டு கூண்டாக அடுக்கி வைத்திருந்தேன்! கண் உள்ள எவரும் இந்த அறைக்குள் வந்து, சிவப்புச் சீட்டையும் வெள்ளைச் சீட்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்திருந்தால் போதும். செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வந்து நின்றார்கள். என் முந்தானையைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அவர் மெஷினைச் சுற்றி முடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். புத்தகத்து எண்ணை இந்தத் தடவை தாண்டியிருந்தது. கொஞ்சமாக இல்லை, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டாக்டர் தாளைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இது சரியில்லை. ரிசல்ட்டைப் பார்த்த பிறகு டெஸ்டை மாத்தறது மோசடி. ஒண்ணு பலிக்கலேன்னா இன்னொண்ணுன்னு போட்டுட்டே போனா எதை வேணும்னாலும் நிரூபிக்கலாம்."

"நிஜ சார். அப்படிப் பண்ணக் கூடாதுதான்," என்றார் கணக்குக்காரர் மெதுவாக. "ஆனா டெஸ்டை நான் மாத்தலை. ஒரு தாய் குட்டிங்கள்ல ரெண்டு ரெண்டா எடுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே டெஸ்ட் முடிவாயிடுச்சு. நடுவுலதான் மாறிப் போச்சு."

டாக்டர் ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டார். அவர் வந்து நோட்டைப் பார்த்து, "அடுக்காம அனுப்பினா அலங்கோலமா இருந்திருக்கும் சார்" என்றார். பிறகு தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். "அந்தக் கோணல் ஜோடி ஒண்ணை எடுத்துட்டா மீதி பதினொண்ணும் சுத்தமா ஒரே பக்கம் இருக்கும் சார். ரிப்போர்ட்டுக்கு அழகு."

டாக்டர் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார்.

அன்று அந்த அறையில் நான் பேசியது அது ஒரு தடவைதான். "அது இருக்கட்டும் சார். அந்தக் களிக்காரன் நிஜமாவே பெருசு. ரெண்டு தரம் எடை போட்டேன். அதை அடிச்சீங்கன்னா மீதி பதினொண்ணையும் நான் எப்படி நம்பறது?" நான் திருடி இல்லை என்பதற்கு அந்தப் பக்கத்தைத் தவிர எனக்குச் சாட்சி இல்லை. சாட்சியை அழகுபடுத்தினால் அது சாட்சியா? கணக்குக்காரர் "அதைச் சேர்த்துத்தான் சார் போட்டிருக்கேன், அப்பவும் தாண்டுது" என்றார். பென்சில் கீழே போனது.

ரிப்போர்ட் போயிற்று. மேலிடத்திலிருந்து டாக்டருக்குப் பாராட்டு வந்தது. ஹெட் கிளார்க் அந்தக் கடிதத்தையும் நீட்டாக டைப் அடித்து நகல் எடுத்தார். எலிக்குப் பால் போயிருக்கிறது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டாயிற்று. போனது யார் கையால்? அதை ஒருவரும் சொல்லவில்லை. "நீ எடுக்கலை, தப்பாச் சொல்லிட்டோம்" என்கிற ஒரு வாக்கியம் அந்தக் கட்டடத்தில் எந்த வாயிலிருந்தும் வரவில்லை. ஸ்டோர் கீப்பர் மட்டும் ஒரு திங்கட்கிழமை, அடுத்த பரீட்சைக்கு அளந்து கொடுக்கும்போது, "எனக்குத் தெரியும்மா" என்றார். தெரிந்தால் அன்றைக்குச் சொல்ல வேண்டியதுதானே?

மூன்றாம் மாசம் பிடிக்கவில்லை. முதல் இரண்டு மாசத்துப் பணத்தைக் கேட்டேன். ஹெட் கிளார்க், "அது கஜானாவுக்குப் போயாச்சும்மா. நீயே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கே. சம்மதிச்சுக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ரூல் இல்லை" என்றார். டாக்டரிடம் போனேன்.

"சார், என் பணம்."

"அந்த விஷயம்தான் முடிஞ்சுபோச்சேம்மா." பர்ஸைத் திறந்து ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார். "இந்தா, குழந்தைக்கு ஏதாவது வாங்கிக்கோ."

வீட்டில் அரிசி இல்லை. அந்த நோட்டு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். ஆனால் அது இனாம். இனாமை வாங்கினால், பாவம் ஏழை எடுத்திருப்பாள், டாக்டர் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார் என்று ஆகிவிடும். "இது வேணாம் சார். பிடிச்சதைச் சம்பளத்துல போட்டு, எதுக்குன்னு எழுதிக் கொடுங்க" என்றேன்.

"பிடிவாதம் பண்றே."

"ஆமா சார்."

அக்கா என்னை இரண்டு நாள் திட்டினாள். அதற்கு மேல் ஒரு வருஷம் அங்கே இருந்தேன். ஒவ்வொரு சம்பள நாளும் ஹெட் கிளார்க் மேஜை முன்னால் நின்று கேட்டேன். "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார். பிறகு வேலையை விட்டேன். விட்ட பிறகும் ஒரு ஆளைப் பிடித்து இங்கிலீஷில் இரண்டு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. கடிதத்தில் தொகையைச் சரியாகத்தான் எழுதினேனா என்று தபாலில் போட்ட பிறகு கவலையாகி, ஒரு தாளில் மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஐந்து ரூபாய் எட்டணா, இரண்டு மாசம். அவர்கள் எனக்குத் தர வேண்டிய பாக்கி பதினோரு ரூபாய்.